எழினியும் முன்னோட்டமும்: திகிற்படங்கள் அச்சம் விளைக்கும் முறை குறித்து ஓர் ஆய்வு

திரைப்படம் ஒன்று வெளிவருவதற்கு முன்னர், அதன் காட்சிகளுட் சிலவற்றைத் துணித்தெடுத்துத் தொகுத்து, இரண்டு மூன்று நிமிட அளவிற் காட்டும் சிறுபடத்தை இன்று 'முன்னோட்டம்' என்று வழங்குகிறோம். ஆங்கிலத்தில் இதற்குரிய 'டிரெய்லர்' என்னுஞ் சொல் 'பின்னே இழுபட்டு வருவது' என்னும் பொருளது. அமெரிக்க நாட்டில் 1913ஆம் ஆண்டளவில் இவ்வழக்கம் தோன்றியபோது, வரவிருக்கும் காட்சியைப் பற்றிய அறிவிப்பு, ஓடி முடிந்த படத்தின் வாலில் ஒட்டிக் காட்டப்பட்டமையால் அப்பெயர் அமைந்தது. பின்னர் அவ்வறிவிப்பு படத்தின் முன்னுக்கு இடம்பெயர்ந்தது. பெயர் மட்டும் பின்னேயே தங்கிவிட்டது. தமிழ்ச்சொல்லோ பொருளோடு பொருந்தி அமைந்துள்ளது. திருவிழாவுக்கு முன் தேரை இழுத்துப் பார்ப்பதை 'வெள்ளோட்டம்' என்னும் வழக்கின் சாயலும் இச்சொல்லில் உண்டு எனத் தோன்றுகிறது.

முன்னோட்டங்கள் பலவகைப்படும். காதற்படம் தன் பாடல்களைக் காட்டி அழைக்கும். வீரப்படம் தன் சண்டைகளைக் காட்டி அழைக்கும். திகிற்படம் ஒன்றே, தன்பால் உள்ள தலைமைப் பொருளை மறைத்துக்கொண்டு விளம்பரம் செய்கிறது. சரக்கை மூடி வைத்துக்கொண்டு விலை கூறும் வணிகனைப் போன்றது அது. அங்ஙனம் மூடி வைத்தலே மக்களை ஈர்க்கிறது என்பதுதான் இதன்கண் உள்ள வியப்பு. பேயின் உருவைக் காண்பதனால் எழும் அச்சம் சிறிது. அது வருகிறது என்பதை அறிந்தும் அதன் உருவைக் காணாதிருக்கும் பொழுதில் வளரும் அச்சமே பெரிது. இவ்வுண்மையைத் திரைப்படத்தார் புதிதாகக் கண்டறிந்தனர் என்று கருதுவார் உளர். தருமபுரி மாவட்டத்து ஊர்களில் இன்றும் நிகழும் தெருக்கூத்திலும், அதற்குப் பன்னூறாண்டு முற்பட்ட சிலப்பதிகாரத்திலும் இம்முறை நன்கு முதிர்ந்த நிலையில் விளங்குவதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று மற்றொன்றன் வழித்தோன்றல் என்பது என் கருத்தன்று. ஹாலிவுட்டார் கூத்துப் பார்த்தவரல்லர். ஒரே மனவியல்பை இருவேறு கலைகள் தனித்தனியே கண்டுகொண்டன என்பதே ஈண்டுக் கூறப்படுவது.

முதற்கண் இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு என வரையறுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இன்றைய திகிற்படங்களையும் மருமப்படங்களையும் ஒருங்கே எடுத்துக்கொண்டாலும் இந்நான்கிற்கு வெளியே செல்லும் படம் அரிது. எனினும் நமக்கு இங்கு வேண்டுவது இப்பகுப்பினும் 'மெய்ப்பாடு' என்னுஞ் சொல்லே. அஞ்சியவன் உள்ளத்து நிகழும் அச்சம் அவன் உடம்பின்வழிப் புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாகும் தன்மையே மெய்ப்பாடு என்பது இளம்பூரணர் தரும் விளக்கத்தின் சாரம். அஞ்சத்தக்க பொருள் வேறு. அஞ்சியவன் மெய்யில் தோன்றும் குறி வேறு. திகிற்பட முன்னோட்டம் இவ்விரண்டனுள் முன்னையதை ஒளித்துப் பின்னையதை மட்டும் காட்டுகிறது. ஒரு பெண் கதவைத் திறக்கிறாள், அவள் கண்கள் விரிகின்றன, வாய் திறந்தபடியே நிற்கிறது, குரல் எழவில்லை. அவள் கண்டது யாது என்று நாம் அறியுமுன் திரை இருண்டுவிடுகிறது. அவள் மெய்ப்பாடு நம்பால் வந்துவிட்டது, பொருளோ வரவில்லை. பொருளின்றி வந்த அச்சத்திற்கு நாமே பொருள் படைத்துக்கொள்கிறோம். அவரவர் இளமையில் எதற்கு அஞ்சினரோ அது அக்கதவின் பின் வந்து நின்றுவிடுகிறது.

இலக்கியத்தில் இதற்குச் சிறந்த சான்று வழக்குரை காதையே. பாண்டிமாதேவி தான் கண்ட தீக்கனவைத் தோழிக்கு உரைப்பதோடு அக்காதை தொடங்குகிறது. செங்கோலும் வெண்குடையும் சாய்கின்றன, வாயில் மணி தானே நடுங்கி ஒலிக்கிறது, எண்டிசையும் அதிர்கின்றன, ஞாயிற்றை இருள் விழுங்குகிறது, இரவில் வானவில் தோன்றுகிறது, பகலில் விண்மீன் வீழ்கிறது. இவற்றுள் ஒன்றற்கும் மற்றொன்றற்கும் காரணகாரியத் தொடர்பு கூறப்படவில்லை. துண்டு துண்டாகக் காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதுகின்றன. கதை கூறும் முறை இதுவன்று. கதை வருகிறது என்று கூறும் முறை இது. இன்றைய முன்னோட்டத்தில் ஊஞ்சல் தானே ஆடுவதும், கண்ணாடி விரிசல் காண்பதும், காகம் சாளரத்தில் வந்து மோதுவதும் இம்முறையைச் சார்ந்தனவேயாம்.

அடுத்து நிகழ்வது இதனினும் நுட்பமானது. கண்ணகி அரண்மனை வாயிலில் வந்து நிற்கிறாள். அவளை அரசன் காணுமுன் வாயிலோன் சொல்லாற் காட்டுகிறான். அவன் கூற்றுப் பெரும்பாலும் எதிர்மறையாகவே செல்கிறது. எருமைத்தலைமேல் நின்ற கொற்றவை அல்லள்; எழுவருள் இளையவளும் அல்லள்; இறைவனை ஆடல் கண்ட அணங்கு அல்லள்; தாருகன் மார்பைப் பிளந்தவளும் அல்லள் என்று ஒவ்வொரு பெயராகக் கூறி விலக்குகிறான். விலக்கப்பட்ட ஒவ்வொரு வடிவமும் கேட்போன் உள்ளத்தில் ஒருகணம் தோன்றி மறைகிறது. இறுதியில் எஞ்சுவது, கையில் ஒற்றைச் சிலம்பு ஏந்திய, கணவனை இழந்த ஒரு பெண் என்னும் செய்தியே. அச்செய்தி அத்தனை தெய்வ வடிவங்களினும் அச்சம் மிக்கதாய் அமைந்துவிடுகிறது. இப்பகுதியை வகுப்பில் நடத்துங்கால் வாயிலோன் கூற்றை உவமை அழகு என்று மட்டும் சொல்லிக் கடந்து செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு கடத்தல் தக்கதன்று. இஃது ஓர் உருவத்தைக் காலந்தாழ்த்திக் காட்டும் கலை.

மேலும் ஒன்று கருதத்தக்கது. சிலப்பதிகாரப் பதிகம் கதையின் முடிவை முன்னரே கூறிவிடுகிறது. கண்ணகி மதுரைக்கு யாது செய்வாள் என்பதைக் கேட்போர் தொடக்கத்திலேயே அறிவர். அறிந்தும் வாயிற்காட்சியில் உள்ளம் நடுங்குகிறது. முடிவு தெரிந்துவிட்டால் ஆவல் போய்விடும் என்று இன்று கூறப்படும் கூற்று முழுதும் உண்மையன்று என்பது இதனாற் பெறப்படும். என்ன நேரும் என்பதை அறிந்தவனே எப்பொழுது நேரும் என்று அஞ்சுகிறான். ஒன்றும் அறியாதவனுக்கு அஞ்சுதற்குக் காரணம் இல்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதை மூவகை எழினிகளைக் குறிக்கிறது: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒருபுறத்தினின்று வருவது முதலாவது. இருபுறத்தினின்றும் வந்து பொருந்துவது இரண்டாவது. மேலே மறைந்திருந்து இறங்குவது மூன்றாவது. அவ்வரங்கு இன்று இல்லை. ஆயின் எழினியின் தொழில் அழிந்துவிடவில்லை. அதனைக் காண வேண்டுவோர் தருமபுரிக்கு வருதல் வேண்டும்.

பண்டைத் தகடூர் நாடாகிய இப்பகுதி நெடுங்காலம் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருட்டிணகிரி இதனினின்றும் பிரிந்தது. இவ்விரு மாவட்டங்களிலும் திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதவிழா எடுப்பது வழக்கம். பகலில் பாரதப் பிரசங்கியார் கதை கூறுவார். அக்கதையே இரவில் கூத்தாக நிகழும். பகலில் முழுக்கதையையும் கேட்டவரே இரவிலும் வந்து அமர்கின்றனர் என்பதை நோக்குக. துச்சாதனன் யாது செய்வான் என்பது களத்தில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். பிரசங்கியாரின் பகற்பேச்சு இரவுக் கூத்துக்கு ஒரு முன்னோட்டமே எனலாம். அது கதையை மறைக்காத முன்னோட்டம்.

இரவில் கூத்து எடுத்த எடுப்பில் தொடங்குவதில்லை. முதலில் களரி கட்டுதல் நிகழும். மத்தளமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து நெடுநேரம் ஒலிக்கும். களத்தில் ஆள் இல்லை. ஒலி மட்டும் உண்டு. அவ்வொலி அடுத்த ஊர்வரை சென்று மக்களை அழைக்கும். பின்னர்க் கட்டியக்காரன் தோன்றி நகையாடி, வரப்போகின்றவர் யாவர் என்பதைக் கூறுவான். அதன்பின் இருவர் ஒரு துணியை இருமுனையிலும் பற்றிக்கொண்டு களத்தில் வந்து நிற்பர். வேடதாரி அதன்பின் வந்து நின்று பாடுவான். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி அசையும். கீழே சலங்கை கட்டிய கால்கள் மிதிக்கும். இடையில் உள்ள முகமோ தெரியாது. இரணியனோ துரியோதனனோ துச்சாதனனோ, எவனாயினும் தன் பெருமையைத் தானே பாடித் துணியின் பின்னேயே சுற்றி வருவான். துணி சிறிது இறங்கும்; மீண்டும் ஏறும். இங்ஙனம் பார்ப்போர் பொறுமையின் எல்லையை அறிந்து விளையாடியபின் துணி விலகும். கண்மை தீட்டிய முகம் பந்தத்தின் ஒளியில் ஒருங்கே வெளிப்படும். முன்னிருக்கும் குழந்தைகள் தாயின் மடியில் முகம் புதைத்துக்கொள்ளும். பந்தம் போய் இன்று மின்விளக்கு வந்துவிட்டது. துணி விலகும் கணத்தின் ஆற்றல் குறைந்ததாகத் தெரியவில்லை.

கூத்தின் திரைவருகையில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன: ஒலி உருவுக்கு முந்துதல், உறுப்பு முழுமைக்கு முந்துதல், பெயர் முகத்திற்கு முந்துதல். திகிற்பட முன்னோட்டத்தின் இலக்கணம் இதனின் வேறன்று. இருட்டில் கொலுசொலி, கதவிடுக்கில் விரல்கள், ஒருவர் வாயினின்றும் வரும் ஒரு பெயர் என்னும் இவையே அதன் கருவிகள். காட்சிக்கும் காட்சிக்கும் இடையே வந்து போகும் கருந்திரை, இருவர் பற்றி நிற்கும் அத்துணியின் இடத்தில் நிற்கிறது.

இனி, இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வரலாற்றைக் காண்போம். திருச்சி இருப்புப்பாதை அலுவலகத்தில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்று படங்காட்டினார். அவர்க்குப்பின் பெருகிய கூடாரக் கொட்டகைகள் சிற்றூர்களுக்குத் திரைப்படத்தைக் கொண்டு சென்றன. அக்காலத்தில் முன்னோட்டத்தின் பணியைச் செய்தவை மாட்டுவண்டியும், தப்பட்டையும், வண்ணத்தாளில் அச்சிட்ட துண்டறிக்கைகளுமேயாம். வண்டியின் இருபுறமும் படத்தட்டி சாத்தி, பறையொலியோடு தெருத்தெருவாகச் செல்வர். பிள்ளைகள் அறிக்கைக்காக வண்டியின் பின்னே ஓடுவர். 'விரைவில் வருகிறது' என்னும் தொடர் அவ்வறிக்கைகளால் நாடெங்கும் பரவிற்று. பேய்ப்படத்தின் விளம்பரத்தில் அத்தொடர் இருபொருள் பயக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவற்றினும் ஆராய்ச்சிக்கு உரியது பாட்டுப் புத்தகம். கொட்டகை வாயிலில் சில காசுக்கு விற்ற அச்சிறு நூலில் பாடல்களோடு கதைச்சுருக்கமும் இருக்கும். கதை நடுவில் முடிச்சு விழும் இடம்வரை சென்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். இவ்வொரு தொடரில் திகிலின் முழு இலக்கணமும் அடங்கிவிட்டது. எவ்விடத்தில் நிறுத்துவது என்று தேர்ந்தவர் யாவர் என்பது நூலில் பெரும்பாலும் குறிக்கப்பெறாது. ஆயின் அவர் தொழில் தெரிந்தவர். முதல் தமிழ்ப் பேசும்படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது; அதன் படச்சுருள் இன்று கிடைப்பதாக இல்லை. பழம்படங்கள் பலவற்றின் நிலை அதுவே. அரசின் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964இல்தான் தோன்றிற்று. படமே அழிந்தவிடத்து அதன் முன்னோட்டச் சுருளை எவர் காப்பர்? ஆயின் பாட்டுப் புத்தகங்கள் பல, சென்னை ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் எஞ்சியுள்ளன. தமிழ்மக்கள் எவ்வெவற்றுக்கு அஞ்ச அழைக்கப்பட்டனர் என்னும் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இக்காகிதங்களே முதன்மைச் சான்றாம். நம் துறைகள் இவற்றை இலக்கியமல்ல என்று ஒதுக்கியதால் நேர்ந்த இழப்புப் பெரிது.

1954இல் ஏ.வி.எம். நிறுவனத்திற்காக எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாடலே இல்லாத படம். பாடலைக் காட்டி அழைக்கும் வழி அதற்கு இல்லை. கொலை செய்தவர் யார் என்னும் ஒரு வினாவே அதன் அழைப்பு. அவர் பின்னர் எடுத்த படங்களுள் ஒன்று 'அவனா இவன்?' (1962) என்று வினாவையே பெயராகப் பூண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இவ்வகைப் பெயர்கள் பெருகின: 'யார் நீ?' (1966), 'அதே கண்கள்' (1967). நம் மாவட்டத்திற்கு அண்மையதாகிய சேலம் மாடர்ன் தியேட்டர்சு வெளியிட்ட 'எதிரிகள் ஜாக்கிரதை' (1967) பெயரிலேயே எச்சரிக்கை விடுத்தது. சுவரொட்டியில் இப்பெயரைப் படித்தவனுக்கு முன்னோட்டம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 'யார் நீ?' இந்தியில் 1964இல் வந்த 'வோ கௌன் தீ?' என்னும் படத்தின் தமிழ்வடிவம். வேதா இசையமைக்க பி. சுசீலா பாடிய அதன் பாடல் ஒன்றில், தானே வந்துவிடுவதாக ஒரு பெண்குரல் அறிவிக்கிறது. பாடல்கள் படத்தை விட்டுப் பிரிந்து வானொலியில் உலவிய காலம் அது. வானொலியில் அப்பாடலைக் கேட்டவர், துணியின் பின் நின்று பாடும் குரலையே கேட்டவராவர். முகம் இருப்பது கொட்டகையில்.

மேனாட்டில் இக்கலையின் உச்சம் ஆல்பிரட் இட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்துக்கு அமைந்த முன்னோட்டம். ஆறு நிமிடத்திற்கு மேற்பட்ட அதில் படத்தின் கதைக்காட்சி ஒன்றும் இல்லை. இயக்குநரே தோன்றி, விடுதியையும் பழைய வீட்டையும் சுற்றிக்காட்டுகிறார். இங்கேதான் அது நிகழ்ந்தது என்று தொடங்கிச் சொல்லை முடிக்காமல் விடுகிறார், நகையாடுகிறார், அலமாரியைத் திறந்து தாம் மட்டும் பார்த்து மூடுகிறார். நம் கட்டியக்காரனைக் கண்டவர்க்கு அவர் புதியவரல்லர். இறுதியில் குளியலறைக்குச் சென்று அங்குள்ள திரையை விலக்குகிறார். ஒரு பெண் அலறுகிறாள். படத்தின் பெயர் தோன்றுகிறது. அங்கும் ஒரு துணி விலகியே அச்சம் பிறந்தது என்பது தற்செயலாயினும் கருதி மகிழத்தக்கது. படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாது என்றும் அவர் திரையரங்குகளுக்கு விதி செய்தார். விடியவிடிய எழுந்துபோய் வந்துகொண்டே பார்க்கும் கூத்துக்கு இவ்விதி பொருந்தாது. ஆயினும் துணி விலகும் நேரத்தில் எழுந்து போவார் அங்கும் இலர்.

'ஏலியன்' (1979) முன்னோட்டத்தில் உரையாடல் இல்லை. ஒரு முட்டையும், பிளவும், காதைத் துளைக்கும் ஒலியும் உள. 'தி சைனிங்' (1980) முன்னோட்டம் ஒரே காட்சி: மூடிய மின்தூக்கிக் கதவுகள், அவற்றின் இடுக்கினின்றும் குருதி வெள்ளம் பெருகி வருகிறது. கதை இன்னதென்று இவற்றால் அறிய இயலாது.

தமிழில் 'சந்திரமுகி' (2005) ஒரு பூட்டிய அறையைச் சுற்றியே அச்சத்தைக் கட்டிற்று. திறக்கலாகாது என்று சொல்லப்பட்ட கதவும் ஓர் எழினியே. 'காஞ்சனா' (2011) அஞ்சுபவனையே நகைப்புக்கு உரியவனாக்கி அச்சத்தையும் நகையையும் மாறிமாறி வைத்தது. இதனைக் கலப்படம் என்று பழிப்பவர், கட்டியக்காரன் நகைச்சுவைக்குப்பின் வரும் இரணியனைக் கண்டிலர் போலும். சிரித்துத் தளர்ந்த உள்ளத்தில் அச்சம் எளிதில் நுழையும். விளம்பரத்தையே அறைகூவலாக்கும் வழக்கமும் உண்டு. வில்லியம் காசில் என்னும் அமெரிக்கர் 1958இல் 'மக்காபர்' படத்தை வெளியிட்டபோது, பார்ப்போர் அச்சத்தால் இறப்பின் ஆயிரம் டாலர் வழங்கப்படும் எனக் காப்புறுதிச் சீட்டு அளித்தார். இந்தியில் 'பூங்க்' (2008) படத்தைத் தனியே அமர்ந்து பார்ப்பவர்க்கு ஐந்து இலட்சம் ரூபாய் என்று அறிவித்தனர். தமிழில் 'மாயா' (2015) இத்தகைய பந்தயத்தையே கதைக்குள் கொணர்ந்து வைத்தது.

அண்மைக் காலத்தில் வரும் முன்னோட்டங்கள் பல இக்கலையை மறந்துவிட்டன என்றே சொல்லவேண்டும். முதல் நிமிடத்திலேயே பேயின் முகத்தை நான்கு முறை காட்டிவிடுகின்றன. துணியைப் பிடிக்குமுன்பே களத்திற்கு ஓடிவந்துவிடும் வேடதாரியைக் கூத்து வாத்தியார் மன்னிக்கமாட்டார். காட்சியால் இழந்ததை ஒலியால் ஈடு செய்ய முயல்கின்றனர். ஒருகால் என் மாணவர் சிலரை ஒரு முன்னோட்டத்தை ஒலியின்றிக் காணச் செய்தேன்; சிரித்துவிட்டனர். அதனையே கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் செய்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. ஆய்வு என்னும் பெயர் பெறத்தக்க அளவினதன்று இது. ஆயினும் களரி கட்டும் மத்தளத்திற்கு ஆளில்லாக் களத்தில் என்ன வேலை என்பதை அவர்கள் அன்று விளங்கிக்கொண்டனர். தணிந்த முழக்கம் ஒன்று நீள்கிறது, சட்டென நிற்கிறது, அம்மௌனத்தில் கேட்போன் தானே மூச்சை அடக்கிக்கொள்கிறான், அடுத்து வரும் பேரொலி அடங்கிய அம்மூச்சைத் தாக்குகிறது. செயல் இவ்வளவே.

கூத்துக்கும் முன்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் கூறல் கடன். திரையரங்கிற் காட்டும் முன்னோட்டத்திற்கு, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, படத்திற்குப் போலவே தனித் தணிக்கைச் சான்று வேண்டும். கைப்பேசியில் ஓடுவதற்கு அக்கட்டுப்பாடு இல்லை. வேறொன்றைக் காணும் குழந்தையின் கையில் அது தானே வந்து ஓடுகிறது. முகம் புதைக்க அருகில் மடி இல்லை. பாரதவிழாவில் அச்சத்திற்கு ஊரே துணை. பதினெட்டாம் போரின் விடியலில், மண்ணாற் செய்த துரியோதனன் உருவம் படுகளத்தில் நெடிதாகக் கிடக்கும். திரௌபதி கூந்தலை முடிப்பாள். மாலையில் தீமிதி நிகழும். எழுந்த அச்சம் எழுந்த இடத்திலேயே தீர்க்கப்படும். முன்னோட்டம் அதனைத் தீர்ப்பதில்லை. படத்தின் பெயர் தோன்றி, முடிந்தது என்று நாம் மூச்சுவிடும் நேரத்தில், ஓர் உருவம் மீண்டும் ஒருமுறை நம்மேற் பாய்கிறது. அதன்பின் வருவது படம் வெளியாகும் நாள்.